இறைவார்த்தையும் தீர்ப்புரிமையும்: நிசேயா (325), பாக்தாத் (833)

கிறித்தவத்துக்கு விவிலியம், இஸ்லாத்துக்குத் திருக்குர்ஆன் என்று நூலுக்கு நூல் நிறுத்தி இவ்விரு சமயங்களின் நம்பிக்கை ஆதாரங்களை ஒப்பிடுவது வழக்கம். இந்த ஒப்பீடு போதாது என்பதே என் வாதம். நூலில் நேரடி விடை இல்லாத கேள்வி எழுந்தபோது தீர்ப்பளித்தவர் யார், அத்தீர்ப்பு எதனால் நிலைத்தது என்று பார்த்தால்தான் அதிகாரம் எங்கே இருந்தது என்பது புலப்படும். இரு சமயங்களுக்கும் அப்படியொரு கேள்வி வந்தது. கேள்வியும் ஏறத்தாழ ஒன்றே: இறைவார்த்தை படைக்கப்பட்டதா?

கிறித்தவருக்கு அவ்வார்த்தை இயேசுவே. மகன் படைக்கப்பட்டவர் என்று போதித்தார் அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ். பேரரசர் கான்ஸ்டன்டைன் 325இல் ஆயர்களை நிசேயாவில் கூட்டினார். தந்தையும் மகனும் ஒரே இயல்பினர் என்று சங்கம் அறிக்கையிட்டது. அதற்காகக் கையாண்ட கிரேக்கச் சொல் மறைநூலில் இல்லை என்று எதிர்த்தரப்பினர் குறை கூறினர். சங்கத்தின் முடிவுக்காக நின்ற ஆயர் அத்தனாசியுஸ் அதை மறுக்கவில்லை. சொல் இல்லாவிட்டாலும் அதன் கருத்து மறைநூலில் உண்டு என்று வாதாடினார். பின்னர் அரசவை கட்சி மாறியது. அவர் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் நிசேயாவின் முடிவை உறுதிசெய்தது. இடைப்பட்ட காலத்தில் அம்முடிவை மாற்ற முயன்றவர்களும் சங்கங்களையே கூட்டினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். தீர்ப்புரிமை கூடிப் பேசி அறிக்கையிடும் ஆயர் அவைக்கு உரியது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பாக்தாத்தில் நடந்தது வேறு. முஸ்லிம்களுக்கு இறைவார்த்தை திருக்குர்ஆனே. திருக்குர்ஆன் படைக்கப்பட்டதே என்று காழிகளும் அறிஞர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என 833இல் கலீஃபா மஃமூன் ஆணையிட்டார். மிஹ்னா எனப்படும் அவ்விசாரணையில் பெரும்பாலோர் பணிந்தனர். அஹ்மத் இப்னு ஹன்பல் பணியவில்லை. வேதத்திலிருந்தோ நபிவழியிலிருந்தோ சான்று காட்டுங்கள் என்பதே அவருடைய கோரிக்கை. அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்தில் அவர் சவுக்கடி பட்டார். முதவக்கில் ஆட்சியில் விசாரணை கைவிடப்பட்டது. எந்த அவையும் கூடவில்லை. யாரும் அறிக்கையில் கையொப்பமிடவில்லை. ஆயினும் திருக்குர்ஆன் படைக்கப்படாதது என்ற அவருடைய நிலைப்பாடே சுன்னத் வல்ஜமாஅத்தின் கொள்கையாக நிலைத்தது.

காரணத்தை அறிவின் அமைப்பில் தேட வேண்டும். 820இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ குர்ஆன், சுன்னா எனும் நபிவழி, இஜ்மா, கியாஸ் எனும் ஒப்புமை முடிவு என்று ஆதாரங்களை முன்பே வரிசைப்படுத்தியிருந்தார். சுன்னாவை அறிய ஹதீஸ் எனும் நபிமொழி அறிவிப்பு வேண்டும். ஹதீஸை ஏற்க, யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர் நம்பகமாக இருக்க வேண்டும். அந்த நம்பகத்தை எடைபோடும் தகுதி உலமாக்களிடம் இருந்தது, அரண்மனையில் அல்ல. அறிஞர்களின் ஒருமித்த கருத்தான இஜ்மாவுக்குக் கூட்டம் கூட்டத் தேவையில்லை. ஷியா பிரிவினருக்கு இமாம்களின் சொல்லும் ஆதாரம். அது தனியே ஆராயத் தக்கது.

இரு இடத்திலும் வென்றது ஆட்சியாளரின் பலமே என்பாருண்டு. என்னால் இதை ஏற்க இயலவில்லை. ஆரியுஸின் சார்பாளரை ஆதரித்த பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்டியுஸுக்கும் மஃமூனுக்கும் பலத்தில் குறைவில்லை. இருவர் முயற்சியும் நிலைக்கவில்லை.

மறைநூல் ஒன்றே போதும் என்ற சீர்திருத்த இயக்கம் இவ்வாதத்தை முறிக்கிறதா? 1521இல் வோர்ம்ஸ் பேரவையில், சங்கங்களும் தவறியிருக்கின்றன என்று சொல்லித் தம் கருத்தைத் திரும்பப் பெற மறுத்தார் மார்ட்டின் லூதர். ஆனால் 1530இல் லூத்தரன்கள் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் முதல் பிரிவே நிசேயா சங்கத்தின் தீர்மானத்தை ஏற்கிறது.