கொசுவலையும் குழந்தைகளின் மலேரியா எதிர்ப்பாற்றலும்

பூச்சிக்கொல்லி தோய்த்த கொசுவலைக்குள் வளரும் குழந்தைக்கு மலேரியாவை எதிர்க்கும் இயற்கை ஆற்றல் வராமலே போய்விடுமோ என்பது 1990களில் ஆப்பிரிக்காவை முன்னிட்டு எழுந்த மருத்துவ விவாதம்.

ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்ற தட்டம்மைக் கணக்கு மலேரியாவுக்குப் பொருந்தாது. சகாராவுக்குத் தெற்கே பரவும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி, தான் புகுந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் காட்டும் புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் முதல் சில மாதங்களுக்குத்தான் காக்கும். பிறகு காய்ச்சலில் விழுந்து விழுந்து எழுந்தே குழந்தை எதிர்ப்பாற்றலைச் சேர்க்கிறது. உயிரைப் பறிக்கும் கடும் நோய் முதலில் விலகும். சாதாரணக் காய்ச்சல் விலகப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஒட்டுண்ணியோ பெரியவர்கள் உடலிலும் தங்கும். 1961இல் காம்பியாவில், பெரியவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியபோது ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. ஆற்றல் இரத்தத்தில் இருப்பது அப்போது உறுதியானது.

கென்யாவிலும் காம்பியாவிலும் சில ஊர்களை ஒப்பிட்டு ராபர்ட் ஸ்னோ குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஐயத்தைக் கூர்மையாக்கியது. மலேரியா மிக அதிகமாகப் பரவிய ஊர்களில், மிதமாகப் பரவிய ஊர்களைவிடக் கடும் மலேரியா குறைவாக இருந்தது. அப்படியென்றால் வலை சாவைத் தடுக்கிறதா, தள்ளிப்போடுகிறதா? கேள்வி நியாயமானதே. ஆனால் கடிபட்டு ஆற்றல் பெறுவதற்குள் இறந்துபோகும் குழந்தைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மருந்து தோய்த்த வலைகள் குழந்தை மரணங்களை ஏறத்தாழ 17% குறைத்தன; ஆயிரம் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் ஐந்தாறு உயிர்கள் மிஞ்சின.

வடக்கு கானாவிலும் மேற்கு கென்யாவிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும், வளர்ந்த பிள்ளைகளிடையே மரணம் கூடவில்லை. நீண்ட சான்று தான்சானியாவிலிருந்து 2022இல் வந்தது. கிலோம்பெரோ, உலாங்கா பகுதிகளில் 1998 முதல் 2000 வரை பிறந்த 6,706 குழந்தைகள் 2019இல் மீண்டும் தேடப்பட்டனர். ஆய்வாளர்கள் போன தடவைகளில் பாதிக்குக் குறையாமல் வலைக்குள் உறங்கியதாகப் பதிவானவர்களுக்கு, பெரியவர்களாகும் வரையிலான மரண ஆபத்து 43% குறைவு. ஐந்து வயதுக்குப் பின்னும் அந்த ஆபத்து கூடவில்லை. வலை எல்லாக் கடியையும் தடுப்பதில்லை என்பது இதற்கு ஒரு விளக்கம்: மாலையில் முற்றத்தில் விளையாடும் பிள்ளையைக் கொசு விடுமா?

பெரிய ஆபத்து, கொடுத்த பாதுகாப்பைப் பாதியில் கைவிடுவதில்தான். மடகாஸ்கரின் மேட்டுநிலத்தில் பூச்சிமருந்து தெளிப்பு நின்றபின், மலேரியாவைப் பல ஆண்டுகள் அறியாதிருந்த மக்களிடையே 1980களின் பிற்பகுதியில் நோய் கொள்ளைநோயாகத் திரும்பி, பெரியவர்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது.