ஒரே வருஷத்தில் வாத்தியார்

நம் சங்கத்து வட்டாரத்தில் சமீப காலமாக ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பதினைந்து வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த பையன், வங்கியில் நல்ல நிலையில் இருந்த பெண் என்று சிலர், வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகிறேன் என்று கிளம்புகிறார்கள். பெற்றவர்களுக்குச் சம்பளக் கவலை. மற்றவர்களுக்கு வேறு கவலை. "நாற்பது வயசுல ஒரு வருஷம் படிச்சுட்டு வந்து என் பேரனுக்கு இவன் என்னத்தைச் சொல்லித்தரப் போறான்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதே கேள்வியை ஒரு தேசம் முழுவதும் கேட்ட காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்து இங்கிலாந்தைச் சொல்கிறேன்.

போர் முடிவதற்குள்ளாகவே, 1944இல், அங்கே பட்லர் கல்விச் சட்டம் வந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கும் வயதைப் பதினான்கிலிருந்து பதினைந்தாக உயர்த்துவது அதன் முக்கிய அம்சங்களில் ஒன்று. ஒரே ஒரு வருஷம்தானே என்று தோன்றும். ஆனால் நாடு முழுவதும் லட்சக்கணக்கான பிள்ளைகள் கூடுதலாக ஒரு வருஷம் வகுப்பில் உட்கார வேண்டும்! கட்டடங்கள் குண்டுவீச்சில் இடிந்து கிடந்தன. ஆசிரியர்களில் பலர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். ஏறக்குறைய எழுபதாயிரம் ஆசிரியர்கள் புதிதாகத் தேவை என்று கணக்குப் போட்டார்கள். வழக்கமான ஆசிரியர் பயிற்சிக்கு இரண்டு வருஷம் ஆகும், கல்லூரிகளும் குறைவு. கிணறு வெட்டித் தண்ணீர் வரும்வரை தாகம் காத்திருக்குமா?

அப்படிப் பிறந்ததுதான் 'எமர்ஜென்சி டிரெயினிங் ஸ்கீம்' என்ற அவசரப் பயிற்சித் திட்டம். (எமர்ஜென்சி என்றதும் தில்லிக்காரர்களுக்கு 1975 ஞாபகம் வரும். இது சாதுவான எமர்ஜென்சி.) பட்டாளத்திலிருந்தோ போர்க்காலத் தொழிற்சாலைகளிலிருந்தோ திரும்பும் ஆண், பெண் இருபாலரும் மனுப்போடலாம். இன்ன பரீட்சை தேறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேரில் உட்கார வைத்துப் பேசி, இவர் பிள்ளைகளோடு பழகுவாரா, படிப்பில் ஆர்வம் உண்டா என்று பார்த்தார்கள். மனுப்போட்டவர்களில் கணிசமானவர்களைத் திருப்பி அனுப்பவும் செய்தார்கள். தேர்வானவர்களுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது, குடும்பம் நடத்த உதவித்தொகையும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை அடிக்கோடிட்டுச் சொல்வேன். முப்பது வயதில் வேலை மாறுகிறவனுக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் சாப்பாட்டுக்கு வழி சொல்லாமல் "சேவை செய்ய வா" என்று கூப்பிடுவதில் அர்த்தமில்லை.

ஆள் கிடைத்தாலும் இடம் கிடைக்கவில்லை. பிரபுக்களின் மாளிகைகள், தொழிற்சாலை விடுதிகள், ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் எல்லாம் கல்லூரிகளாக மாறின. லண்டனுக்கு வடக்கே டிரென்ட் பார்க் என்ற மாளிகை. போரின்போது சிறைப்பட்ட ஜெர்மன் தளபதிகளை அங்கே வசதியாகக் குடிவைத்து, சுவருக்குள் ஒலிவாங்கிகளை ஒளித்து, அவர்கள் பேசியதை எல்லாம் ஒட்டுக்கேட்டார்கள். போருக்குப் பின் அதே மாளிகை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஆயிற்று! வடக்கே ஆல்ன்விக் கோட்டையில் 1945இலிருந்து பெண்களுக்கு ஆசிரியர் பயிற்சி நடந்தது. ஹாரி பாட்டர் படம் பார்த்த நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தக் கோட்டையைத் தெரியும். அதில் வரும் மந்திரப் பள்ளிக்கூடத்தின் வெளிப்புறக் காட்சிகள் சில அங்கேதான் எடுக்கப்பட்டன. உச்சக்கட்டத்தில் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இயங்கின. ஆனாலும் தேர்வானவர்கள் இடத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

இதற்கிடையில் அமைச்சரவையிலேயே இழுபறி. பணமுடை, நிலக்கரிப் பஞ்சம், உறையவைக்கும் குளிர். வயது உயர்வைத் தள்ளிப்போடலாம் என்று 1947 ஜனவரியில் பேச்சு எழுந்தது. கல்வி அமைச்சர் எல்லன் வில்கின்சன் அம்மையார் ஒரே பிடியாக நின்றார். தள்ளிப்போட்டால் அடிபடுவது ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான் என்பது அவர் வாதம். அவர் பக்கம்தான் ஜெயித்தது. ஆனால் பிப்ரவரி 6ஆம் தேதி அவர் காலமாகிவிட்டார். ஏப்ரல் 1 அன்று வயது பதினைந்து ஆனதை அவர் பார்க்கவில்லை.

சரி, அந்த ஒரு வருஷத்தில் என்ன நடந்தது? நீண்ட விடுமுறை இல்லாத, இறுக்கமான படிப்பு. அதில் பெரும் பங்கு பள்ளிக்கூடங்களில் நேரடிப் பயிற்சிக்குப் போயிற்று. கடைசியில் ஒரு பெரிய பரீட்சை வைத்து மதிப்பிடாமல், வருஷம் முழுவதும் செய்த வேலையைப் பார்த்தே மதிப்பிட்டார்கள். வெளியே வந்ததும் விட்டுவிடவும் இல்லை. இரண்டு வருஷம் தகுதிகாண் பருவம், அந்தக் காலத்தில் தொடர்ந்து படிக்கவும் வேண்டும். ஆக, பேருக்குத்தான் ஒரு வருஷம். கணக்குப் பார்த்தால் மூன்று!

பழைய ஆசிரியர்களுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்ற மாதிரிதான் பேச்சு. 1951இல் திட்டம் முடிந்தபோது சுமார் 35,000 பேர் பயிற்சி பெற்றிருந்தார்கள். ஆண்கள் 23,000, பெண்கள் 12,000. 1950இல் கல்வி அமைச்சகமே 'சேலஞ்ச் அண்ட் ரெஸ்பான்ஸ்' என்ற பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மொத்தத்தில் அது சாதகமான தீர்ப்பு. கப்பலிலும் சுரங்கத்திலும் அடிபட்டு வந்த மனிதர் பிள்ளைகளிடம் பேசும்போது ஒரு கனம் இருக்கும் இல்லையா, அது வகுப்பறையில் பலன் தந்தது. குறையும் உண்டு. சின்னக் குழந்தைகளின் வகுப்புகளுக்குப் பெண் ஆசிரியர்கள் நிறையத் தேவைப்பட்டபோது, வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். கல்யாணம் ஆன பெண்ணை வேலையை விட்டு அனுப்பும் பழைய வழக்கத்தை 1944 சட்டம் ஒழித்திராவிட்டால் பாடு இன்னும் திண்டாட்டமாகி இருக்கும் என்பது என் எண்ணம்.

அவசரமாக ஆசிரியரை உருவாக்குவது இங்கிலாந்துக்கு இது முதல் தடவை அல்ல. அதற்கு ஒரு பாட்டன் கதை உண்டு. அது நம்ம எழும்பூரில் ஆரம்பிக்கிறது. 1789இல் அங்கே பட்டாளத்துக்காரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். இருந்த உதவி ஆசிரியர்கள் அவர் சொன்னபடி கேட்கவில்லை. நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். பையன் ஜமாய்த்துவிட்டான். நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சட்டாம்பிள்ளையைத் தெரியாத திண்ணைப் பள்ளி உண்டா? பெல் ஊர் திரும்பி 1797இல் இதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இருக்கிறது. ஆனால் அந்த முறையில் சிக்கனம்தான் அதிகம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லித்தரலாம், அதற்கு மேல் போவது கஷ்டம். 1846இல் மாணவ ஆசிரியர்களுக்கு ஐந்து வருஷப் பயிற்சி என்று அரசாங்கம் திட்டம் போட வேண்டி வந்ததும் அதனால்தான்.

நம் தேசத்துக்கு வருவோம். எங்கள் தலைமுறைக்கு பி.எட். என்றால் ஒரு வருஷம். தில்லியில் குமாஸ்தா வேலை பார்த்தபடியே தபால் வழியில் படித்து ஆசிரியை ஆன தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர், என் மனைவியும் அதில் ஒருத்தி. 2015 முதல் அது இரண்டு வருஷம் ஆயிற்று. பயிற்சி இல்லாமலே பணியில் இருந்தவர்களுக்கு 2019 மார்ச் 31 வரை கெடு வைத்தார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் 18 மாதப் படிப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 18 மாதமும் இரண்டு வருஷமும் ஒன்றாகுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023இல் 'ஆகாது' என்று தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கு 2024இல் விளக்கம் கிடைத்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையோ, முதுகலை அல்லது நான்கு வருஷப் பட்டம் பெற்றவர்களுக்கு மறுபடி ஒரு வருஷ பி.எட். என்கிறது.

மாதத்தை எண்ணி வழக்காடுகிறோம். இங்கிலாந்துக்காரர்கள் நேர்காணலிலும் அந்தப் பின் இரண்டு வருஷத்திலும் காட்டிய அக்கறை நம் பேச்சில் அவ்வளவாக வருவதில்லை. உங்கள் வீட்டில் யாராவது இந்தப் படிப்பில் சேரப்போனால், கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போதே இரண்டு விஷயத்தையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை வாரம் நிஜ வகுப்பில் நிற்க வைப்பீர்கள்? வேலையில் சேர்ந்த பிறகு முதல் இரண்டு வருஷம் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்க்க யாராவது வருவார்களா?