முன்னோட்ட மாதிரி

முழுப் பண்டத்தையும் காணுமுன் வாங்குவோர் அதன் குணத்தை மதிப்பிடும் பொருட்டு முன்கூட்டிக் காட்டப்படும் சிறு பகுதி முன்னோட்ட மாதிரி எனப்படும். வீடியோ கேம் உலகில் டெமோ என்று வழங்கும் இம்முறை, இலங்கை மலையகத்துத் தேயிலை வியாபாரத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைபெற்றிருக்கிறது.

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர், 1869-இல் தோன்றிய இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் நாசமுற்றபின், திம்புள்ளை, ஹட்டன், நுவரெலியா மலைகளெங்கும் பரவி, ஆரம்பத்தில் லண்டனின் தேயிலை ஏலத் தெருவான மின்சிங் லேனிலேயே விலைபோயிற்று. 1883 ஜூலை 30-ஆம் தேதி கொழும்பில் சோமர்வில் நிறுவனத்தில் நடந்த முதல் ஏலத்திற்குப் பின், சரக்கு ஓரிடத்தில் கிடக்க, அதன் சிறு மாதிரியை மட்டும் சுவைத்து விலை நிர்ணயிக்கும் வழக்கம் இங்கும் வேரூன்றியது.

இங்கே கவனிக்கத்தக்க விசேஷம் மாதிரி எடுக்கப்படும் தருணமே. கொழுந்து வாடி, உருண்டு, நொதித்து, காய்ந்து, சல்லடையில் தரம் பிரிந்து, ஒரே சீராகக் கலக்கப்பட்ட பிறகே, அதாவது பண்டம் முற்றுப்பெற்ற பிறகே, மாதிரி பிறக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று மேற்குச் சரிவுத் தேயிலைக்குத் தரும் மணம் மழைக்காலச் சரக்கிற்கு வாய்ப்பதில்லை. ஆகையால் ஒன்றின் மாதிரியைக் காட்டி மற்றொன்றை விற்க இடமின்றி, ஒவ்வொரு சரக்கும் தன் மாதிரியைத் தானே அனுப்பியாக வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளிய பெண்களின் சிரத்தையும், முற்றிய இலை கலந்துவிட்ட குறையும் சுவைப்பவரின் நாவுக்கு ஒருங்கே புலப்படும்.

கணினி விளையாட்டிலும் இத்தகைய நேர்மை ஒரு காலத்தில் இருந்தது. 1993 டிசம்பரில் ஐடி சாப்ட்வேர் வெளியிட்ட 'டூம்' விளையாட்டின் முதற்பாகம் இலவசமாக வழங்கப்பட்டது. அது முற்றுப்பெற்ற விளையாட்டின் உண்மையான பகுதியே. பின்னர் வர்த்தகக் கண்காட்சிகளின் அவசரத்தில் இவ்வரிசை தலைகீழாயிற்று. விளையாட்டு உருவாகு முன்பே சில நிமிடக் காட்சியொன்றை மெருகேற்றிக் காட்டுவதும், பின்பு அவ்வளவு அலங்காரத்தையும் வீட்டிலுள்ள சாதாரண இயந்திரம் தாங்காதெனக் கண்டு ஒளியையும் நிழலையும் குறைப்பதும் நேர்ந்தன. 2012-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் வியப்பூட்டிய 'வாட்ச் டாக்ஸ்', 2014 மே மாதம் வெளிவந்தபோது அந்தப் பொலிவை இழந்திருந்ததாக ஆட்டக்காரர் பலர் குறைகூறினர். 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' விளையாட்டின் முன்னோட்டப் படங்கள் இறுதி வடிவத்தைச் சரிவரப் பிரதிபலிக்கவில்லை என்பதை 2013-இல் பிரிட்டிஷ் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் சேகா நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இவ்வேறுபாடுகள் எல்லாமே வஞ்சகமென்று சொல்ல முடியாது. முற்றுப்பெறாத சிருஷ்டி மாறுவது இயல்பே. ஆயினும் அக்காட்சியை நம்பி முன்பணம் கட்டுகிறவன் இருக்கிறான். காட்டப்படுவது முடிந்த விளையாட்டின் துண்டா, அல்லது காட்சிக்கென்றே செய்ததா என்பதை, விற்பவர் பணம் வாங்குமுன் அவனுக்குச் சொல்லிவிட வேண்டும்.