ஏரி காத்த சபை

திருக்கோயிற் சுவர்கள் இறைவன் புகழை மட்டுமன்றி, ஊரார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளையும் தாங்கி நிற்பதுண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சாசனங்கள் அத்தகையவை. முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளாகிய கி.பி. 919, 921இல் அவை பொறிக்கப்பெற்றன. குடவோலை முறைக்காக அவற்றைப் போற்றாதார் இலர். ஆயின், அவ்வோலையால் தேர்ந்தவர் என்ன பணி செய்தனர் என்பதை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வூரின் உயிர்நிலை பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம். மழைநீரை நம்பிய ஏரி ஆண்டுதோறும் தூர்ந்துகொண்டே வரும். கரையில் ஓரிடம் நெகிழ்ந்தால் ஒருவன் வயல் மட்டுமா கெடும்? ஆதலின் அதனைக் காக்க அறுவர் கொண்ட ஏரி வாரியத்தைச் சபையார் அமைத்தனர். பதவிக்காலம் 360 நாட்களே.

தேர்தல் நடந்த விதம் பக்தர்கள் உளங்கொள்ளத் தக்கது. ஊரிலிருந்த நம்பிமார் அனைவரும் மண்டபத்தில் கூடியிருக்க, அவருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண ஏந்தி நிற்பார். உள்ளிருப்பதை அறியாத பாலன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றுப் படிப்பான். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளியலாகாதன்றோ!

இவற்றினும் கடுமையானது கணக்கு விதி. முன்பு எந்த வாரியம் செய்தும் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் இடப்பெறாது. அவன் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன் முதலியோர்க்கும் அத்தடை உண்டு. கணக்கெழுதியவன் தன் கணக்கைத் தானே காட்டவேண்டும். கோயிலுக்கும் குளத்துக்கும் பொருள் ஈந்தோர் நம்பியது இவ்விதியைத்தான் என்று கருதுகிறேன்.

ஒன்றை மறைத்தல் தகாது. இது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடைய, 35 முதல் 70 வயதிற்குட்பட்டோர்க்கே இதில் இடமிருந்தது. கூடை சுமந்து மண்ணெடுத்த உழைப்பாளரின் பெயர் குடத்துள் புகவில்லை.

பிற்காலத்தில் ஊர்ச்சபைகள் மறைந்தும், குடிகள் கூடிக் கரை திருத்தும் குடிமராமத்து நெடுங்காலம் நிலைத்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதுவும் தளர்ந்தது. 1858இல் கட்டாய வேலைச் சட்டம் இயற்றி, ஏரி உடைப்பைத் தடுக்க வர மறுத்தவர்களைத் தண்டிக்க வழிசெய்தார்கள். முன்பு ஊரார் தமது என்று செய்த பணி, அரசின் ஆணைக்கு அஞ்சிச் செய்யும் ஊழியமாயிற்று. 2017இல் தமிழக அரசு ஏரி குளங்களைச் சீர்செய்யும் திட்டமொன்றைத் தொடங்கியபோது, அப்பழைய குடிமராமத்து என்ற பெயரையே அதற்குச் சூட்டியது.