ஏகேஏபி9
மனிதரின் 7ஆம் குரோமோசோமின் நீள்கரத்தில் அமைந்த மரபணு. புரதக் கைனேஸ் ஏ நொதியைச் செல்லுக்குள் உரிய இடத்தில் பிடித்து நிறுத்தும் நங்கூரப் புரதம் ஒன்றைக் குறியீடு செய்கிறது. ஏறத்தாழ 3,900 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட வடிவம் சென்ட்ரோசோமிலும் கோல்கி உறுப்பிலும் தங்கி, நுண்குழல்கள் உருவாக உதவுகிறது. குறுவடிவமான யோட்டியாவ் 1998இல் விவரிக்கப்பட்டது.

இதன் பணி இதயத்திலேயே தெளிவாக விளங்குகிறது. கேசிஎன்கியூ1 பொட்டாசியம் கால்வாயருகே கைனேஸையும், அதற்கு எதிராக இயங்கும் பாஸ்ஃபடேஸ் 1ஐயும் யோட்டியாவ் சேர்த்து வைக்கிறது. அட்ரினலின் தூண்டலால் சைக்ளிக் ஏஎம்பி பெருகும்போது கைனேஸ் கால்வாயில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது; பொட்டாசியம் வெளியேற்றம் கூடி, விரைந்து துடிக்கும் இதயத்தசையின் மின்மீட்சி வேகம் பெறுகிறது. யோட்டியாவுக்கும் கால்வாய்க்கும் இடையிலான பிணைப்பை நலிவாக்கும் எஸ்1570எல் திடீர்மாற்றம், மின்மீட்சி தாமதமாகும் நீள்கியூடி நோய்க்குறித்தொகுப்புடன் தொடர்புடையதென 2007இல் அறிவிக்கப்பட்டது. எனினும் இம்மரபணுவை அந்நோயின் நேரடிக் காரணியாகக் கொள்வதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. இதயத்துக்கு வெளியே, கதிர்வீச்சுக்குப் பின் தோன்றிய சில பாப்பில்லரித் தைராய்டுப் புற்றுகளில் இம்மரபணு பிராஃப் மரபணுவுடன் இணைந்து காணப்பட்டுள்ளது.