சவரமும் ஒரு கிண்ணம் தண்ணீரும்

வங்காளிகள் சவரத் தொழிலாளியை 'நாபித்' என்கிறார்கள். நம்ம ஊர் 'நாவிதர்' என்பதும் அதே சொல்தான். வடமொழியில் நாபிதன், பாலியில் நஹாபிதன். குளிப்பாட்டுதல் என்னும் பொருளுள்ள பாலி வினையடியோடு இதைச் சேர்த்துக் காட்டுவர். சவரம் என்பதும் க்ஷௌரம் என்னும் வடசொல் திரிந்து வந்ததே; மழித்தல் நம்முடைய சொல். சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். சவரத்தின் சுகமே அந்தத் தண்ணீரில் இருக்கிறது, அதற்காகத்தான்.

எங்கள் சமண முனிவர்க்குச் சவரமே கிடையாது. மகாவீரர் துறவு பூண்டபோது ஐந்து பிடியாகத் தம் முடியைப் பறித்தார் என்கிறது கல்பசூத்திரம். இன்றும் திகம்பர முனிவர் இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் ஒருமுறை தலைமுடி, தாடி, மீசை எல்லாவற்றையும் கையாலேயே பறித்துவிடுகிறார்கள். கத்தி வைத்திருந்தால் அது உடைமை. நாவிதரை அழைத்தால் பிறரை நம்பியதாகும். துறவிக்கு மழிப்பதும் வேண்டாம், சடை வளர்ப்பதும் வேண்டாம், ஒழுக்கமே போதும் என்ற கருத்து 280ஆம் குறளில் இருக்கிறது. வள்ளுவரைச் சமணர் என்றே எங்கள் மரபு கொள்ளும். மறுப்போர் மறுக்கட்டும், இங்கே அந்த வழக்கு வேண்டாம்.

இல்லறத்தானுக்கு அந்தத் தவம் ஏது? அவனுக்கு நாவிதர் வந்தார். முதலில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து ஊற வைப்பார். அப்புறம்தான் கத்தியைத் தோல்வாரில் தீட்டுவார். கடைசியில் படிகாரம். நனைந்த மயிர் மெத்தென்று ஆகி எளிதில் அறுபடும், காய்ந்த மயிர் கத்தியை எதிர்க்கும். படிகாரம் சிறு கீறலில் கசியும் இரத்தத்தை நிறுத்தும்.

1903இல் அமெரிக்காவில் கிங் ஜில்லெட் கழற்றி எறியும் பிளேடை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த வருஷம் விற்றது 51 ரேஸர், 168 பிளேடு, அவ்வளவுதான்! முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்குக் கொடுத்த பிறகு அது உலகமெல்லாம் பரவியது. சவரம் வீட்டுக்குள் வந்தது. ஊற வைக்கிற பொறுமை வெளியே போயிற்று.

அதே ஜில்லெட் நிறுவனம் 2002இல் இந்தியாவுக்கென்று ஒரு ரேஸர் செய்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள், நன்றாயிருக்கிறது என்றார்கள். இங்கே வந்தபோது மயிர் அடைத்துக்கொண்டது. காரணம், அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் ஓடியது. நம்மவரோ ஒரு கிண்ணம் தண்ணீரில் முகம் வழிப்பவர். பிறகு நம் வீடுகளுக்கே வந்து பார்த்து, எளிதில் அலசக்கூடிய ஒற்றைப் பிளேடு ரேஸரை 2010இல் கொண்டுவந்தார்கள். அப்போது அதன் விலை 15 ரூபாய்.

கிடர்பூரில் நம்ம வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பிளேடு ரேஸர் வாங்கி, கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக வந்து நிற்கிறார்கள். அடுக்குப் பிளேடு மயிரை இழுத்துத் தோலுக்குக் கீழே அறுக்கும். சுருட்டை முடியாயிருந்தால் நுனி உள்ளேயே வளைந்து குத்தும். குளித்த கையோடு, சோப்பு நுரை போட்டு இரண்டு மூன்று நிமிஷம் விட்டு, மயிர் சாயும் திசையிலேயே, அழுத்தாமல் வழித்தால் சாதா பிளேடே போதும். எதிர்த்திசையில் இழுத்தால்தான் வழவழப்பு என்பார்கள். அந்த வழவழப்புக்குத்தான் இந்த எரிச்சல்.

நடைபாதை நாவிதரிடம் போவதும் தவறில்லை. ஆனால் ஒருவர் இரத்தம் பட்ட பிளேடு இன்னொருவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியை, எச்.ஐ.வி.யைக் கூடக் கொண்டுபோகலாம். காகிதத்தோடு பாதியாக ஒடித்துப் புதுப் பிளேடு போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு உட்காருங்கள். அவர் போடாவிட்டால் கேளுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார். கிண்ணத்துத் தண்ணீரையும் மாற்றச் சொல்லுங்கள்.