களைப்பும் ஹீமோகுளோபினும்: கல்முனைக் கரையோரச் சிறுபிள்ளைகளை முன்வைத்து 2012 தேசிய ஆய்வின் மறுவாசிப்பு

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தீராத களைப்பைப் பற்றிய இலங்கை எழுத்துகளில் ஒரு சங்கிலித் தர்க்கம் நிலைத்துவிட்டது. களைப்புக்குக் காரணம் குருதிச்சோகை. குருதிச்சோகைக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. இரண்டையும் காட்டிக்கொடுப்பது ஹீமோகுளோபின். ஹீமோகுளோபின் அளவு சரியாக இருந்தால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தாயைத் திருப்பி அனுப்பும் நடைமுறை இதிலிருந்துதான் வந்தது. இந்தத் தர்க்கத்துக்கு வழமையாக ஆதாரமாக்கப்படும் ஆவணமே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பது என் வாதம்.

மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் 2012ஆம் ஆண்டுத் தேசிய போசாக்கு, நுண்போசாக்கு ஆய்வே அந்த ஆவணம். 6 முதல் 59 மாத வயதுப் பிள்ளைகளில் 15.1 சதவீதத்தினருக்குக் குருதிச்சோகை இருந்ததாக அது பதிவு செய்தது. மேற்கோள்களில் திரும்பத் திரும்ப வருவது இந்த எண்தான். அதே அறிக்கையில் இன்னும் இரண்டு எண்கள் உள்ளன. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகள் 33.6 சதவீதம்; இரும்புக் குறைவும் குருதிச்சோகையும் ஒருங்கே உள்ளவர்கள் 7.3 சதவீதம்.

மூன்றையும் சேர்த்து வாசித்தால் படம் மாறிவிடுகிறது. நூறு பிள்ளைகளில் குருதிச்சோகை உள்ளவர்கள் ஏறத்தாழ 15 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இரும்புக் குறைவு காணப்படவில்லை. மறுபுறம், இரும்பு குறைந்த 34 பேரில் ஏறத்தாழ 26 பேரின் ஹீமோகுளோபின் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஹீமோகுளோபினை மட்டும் பார்க்கும் கிளினிக்கில் இந்த 26 பேரும் ஆரோக்கியமானவர்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் தவறவிடும் அளவுகோலை வைத்துக்கொண்டு களைப்புக்குக் காரணம் தேட முடியாது.

குருதிச்சோகை இருந்தும் இரும்பு குறையாத முதல் பிரிவினரைக் குறித்து அதிகம் விவாதிக்கத் தேவையில்லை. தொற்றுகளோடு தலசீமியாக் கடத்து நிலையும் அங்கே கணக்கில் வரும். பீட்டா தலசீமியாக் கடத்திகள் இந்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். இவர்களின் ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்திருந்தாலும் பெரும்பாலோர் களைப்பின்றியே வாழ்கிறார்கள். எண் குறைந்தால் களைப்பு கட்டாயம் என்ற நம்பிக்கை இங்கேயே ஆட்டம் காண்கிறது.

உண்மையான சர்ச்சை இரண்டாம் பிரிவினரைப் பற்றியது. குருதிச்சோகை வராத நிலையில் இரும்புக் குறைவு மட்டும் பிள்ளையைத் தளர்த்துமா? கிளெமென்ட் ஃபின்ச்சும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட எலிப் பரிசோதனையை இவ்விவாதத்தில் எவரும் எடுப்பதில்லை. இரும்பு குறைந்த எலிகளுக்குக் குருதியை மாற்றி ஏற்றி ஹீமோகுளோபினைச் சமப்படுத்திய பின்னரும் அவற்றால் மற்ற எலிகளைப் போல ஓட முடியவில்லை. இரும்பு கொடுத்ததும் சில நாள்களில் ஓட்டம் மீண்டது. குருதியில் ஒட்சிசனைச் சுமப்பதோடு இரும்பின் வேலை முடிவதில்லை. தசைக் கலங்களின் மைட்டோகொண்ட்ரியாவில் சக்தியை உருவாக்கும் நொதியங்களுக்கும் அது வேண்டும். பெட்ஸி லோஸோஃப் கோஸ்டரிக்காவில் ஆராய்ந்த, இரும்பு குறைந்த குழந்தைகள் தாயை விட்டு நகரத் தயங்கினார்கள், சீக்கிரம் களைத்தார்கள். அவர்களுக்குக் குருதிச்சோகையும் இருந்தது என்பதால் அச்சான்றை இங்கே முழுதாகப் பொருத்த முடியாது. குருதிச்சோகையற்ற களைப்புக்கு இரும்பு பயன்தருவதைக் காட்டிய மனித ஆய்வுகள் பெரும்பாலும் வளர்ந்த பெண்களைப் பற்றியவை. ஆகவே சிறுபிள்ளைகளில் இது நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆராயாமலே தள்ளிவிட முடியாத அளவுக்கு வலுவானது என்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் 6 முதல் 23 மாதப் பிள்ளைகளுக்கான ஹீமோகுளோபின் எல்லையை லீற்றருக்கு 110 கிராமிலிருந்து 105 ஆகக் குறைத்தது. இதனால் 15.1 என்ற எண் பழசாகிவிட்டது என்பர். ஆம், அது இறங்கும். கூடவே, இரும்பு குறைந்தும் 'சாதாரணம்' என்று எழுதப்படும் பிள்ளைகளின் தொகை ஏறும். என் வாதம் இதனால் வலுக்கவே செய்கிறது.

ஹீமோகுளோபின் தவறவிடும் பிள்ளையைக் காட்டக்கூடியது வீட்டாரின் வாய்மொழி. அது அகவயமானது, ஆகையால் ஆய்வுக்கு உதவாது என்ற கூற்றைக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் வைத்துச் சோதிக்க வேண்டும். இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மருமகன் அங்கே குடிவருகிறார். உடன்பிறந்த சகோதரிகளின் வீடுகள் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்தடுத்தோ அமைகின்றன. எனவே உம்மம்மா ஒருத்தியின் கண்முன் ஒரே வயதை ஒட்டிய பல பேரப்பிள்ளைகள் ஒரே முற்றத்தில் ஓடி வளர்கிறார்கள். "இவன் ரெண்டு எட்டு வைக்கிறதுக்குள்ள தூக்கு எண்டு நிக்கிறான், மத்ததுகள் அப்பிடி இல்ல" என்று அவர் சொல்லும்போது அதற்குள் ஓர் ஒப்பீடு இருக்கிறது. ஒப்பிடப்படும் பிள்ளைகள் அதே வளவில் வளர்பவர்கள். மண் தின்னும் பழக்கம், விளையாட்டின் நடுவில் உட்கார்ந்துவிடுவது, ஓதிவிட்டு வந்ததும் சுருண்டு படுப்பது ஆகியவற்றை அவரிடம் கேட்டால் கிடைக்கும் விவரத்தை எந்தப் பதிவேட்டிலும் காண முடியாது. இதைச் சான்றாக ஏற்க மறுப்பதற்கு நான் எந்த முறையியல் நியாயத்தையும் காணவில்லை.

மீன் மலிந்த கரையில் இரும்பு எப்படிக் குறையும் என்ற ஆட்சேபம் மேலோட்டமானது. ஒன்றரை வயதுப் பிள்ளையின் பீங்கானில் சோறும் ஆணமும் நிறைய இருக்கும், மீன் ஒரு கிள்ளுத்தான். அதன் பின்னால் கொடுக்கப்படும் தேத்தண்ணி, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது.

களைப்பெல்லாம் இரும்பால் வருவதன்று. பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்கும் பிள்ளைக்கும், உதடு நீலம்பாரிக்கும் பிள்ளைக்கும் இருதயப் பரிசோதனை உடனே வேண்டும். இரவெல்லாம் முட்டு இழுத்துத் தூங்காத பிள்ளை பகலில் சோர்வது வேறு கதை. இவற்றை விலக்கிய பின் எஞ்சும் பிள்ளைகளுக்கு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கப்பட வேண்டும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. தொற்று, காய்ச்சல் காலத்தில் ஃபெரிட்டின் தானாக உயர்ந்து குறைபாட்டை மறைத்துவிடும். அதனால்தான் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் லீற்றருக்கு 12 மைக்ரோகிராம் என்ற எல்லையைத் தொற்றுள்ள வேளையில் 30 ஆக உயர்த்துகிறது. தடிமனோடு கொண்டுவரப்படும் பிள்ளையின் ஃபெரிட்டின் 20 என்றால் அதைச் சாதாரணம் என்று எழுதக்கூடாது. தடிமன் ஆறியதும் மீண்டும் அழைத்துப் பார்க்க வேண்டும், உம்மம்மாவையும் கூட வரச் சொல்லி.